வேலையில் சமவாய்ப்பு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி (திருச்சி): எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே கேள்வித்தாள். அது போதாதா சார்? சலுகை எதற்கு?

பதில்: போதாது. விகாஷ் குமார் என்பவருக்குப் பேனா பிடித்துத் தொடர்ந்து எழுத முடியாத கைக் கோளாறு. குடிமைப் பணித் தேர்வில், தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டார்; குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு அந்த உரிமை உண்டு என்றது. கேள்வித்தாள் ஒன்றுதான், ஆனால் அவர் அறிவு தாளில் இறங்கவே வழியில்லையே! இடஒதுக்கீட்டையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். 1975-இல் என்.எம். தாமஸ் வழக்கில், பதவி உயர்வுக்கான துறைத் தேர்வை முடிக்கப் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்குக் கேரள அரசு கூடுதல் காலம் கொடுத்ததைச் சமத்துவத்துக்கு உட்பட்டதாகவே நீதிமன்றம் ஏற்றது.

கேள்வி (சேலம்): இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ, குழந்தை எப்போ" என்று கேட்டார்கள் அண்ணா. கேட்கலாமா?

பதில்: கேட்கக் கூடாதும்மா. ஆணிடம் கேட்காததை உங்களிடம் ஏன் கேட்க வேண்டும்? அரசே ஒரு காலத்தில் இதைச் செய்தது: வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்ய எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது, அந்தப் பணியில் இருந்த சி.பி. முத்தம்மா வழக்குப் போட்டார், 1979-இல் நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. முதல் கர்ப்பத்திலேயே விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏர் இந்தியா விதி 1981-இல் செத்தது. ஆளெடுப்பதில் பெண் என்பதற்காக ஒதுக்குவதைச் சம ஊதியச் சட்டம் 1976-இலேயே தடுத்தது, தனியாருக்கும் சேர்த்து. இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. நேரில் கேட்டதற்குச் சாட்சி இருக்காது, அதனால் அன்றைக்கே அவர்களுக்கு மெயில் அனுப்பி, கேட்டதை எழுத்தில் பதிந்து வையுங்கள்.

கேள்வி (திருப்பூர்): ஒரே வேலை, ஆனால் பதவிப் பெயரை மாற்றிச் சம்பளம் குறைக்கிறார்கள்.

பதில்: பெயர் முக்கியமில்லை, செய்கிற வேலைதான் முக்கியம். ஆட்ரி டிகோஸ்டா வழக்கில் (1987) பெண் சுருக்கெழுத்தர்களுக்கு நடந்ததும் இதேதான். கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

கேள்வி (ஓசூர்): சாதியைத் தெரிந்துகொண்டு தனியார் கம்பெனி வேலை தர மறுத்தால் அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவில் வழக்குப் போடலாமா?

பதில்: முடியாது. அந்தப் பிரிவு அரசு வேலைக்கு மட்டும். தனியார் ஆளெடுப்பில் சாதிப் பாகுபாட்டை நேராகத் தடுக்கும் விரிவான சட்டம் இன்றுவரை நம்மிடம் இல்லை, வேலைகளில் பெரும்பகுதி தனியாரிடம் இருக்கும் நாட்டில் இது எவ்வளவு பெரிய ஓட்டை! எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

கேள்வி (மதுரை): கணவர் அரசு நிறுவனத்தில் ஓட்டுநர். விபத்தில் கால் போய்விட்டது. ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள் ஐயா.

பதில்: கையெழுத்தே போடாதீர்கள் அம்மா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஓட்ட முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அப்படி இடமே இல்லையென்றால் கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அதில் வைத்திருக்க வேண்டும். முதலில் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்குங்கள். மாற்று வேலை கேட்டு மனு கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.