‘மிடுக்கன்’ பட்டத்தோடு வளர்ந்தவன் சொல்கிறேன்

கேள்வி: நாலாம் வகுப்பில் படிக்கும் என் மகளை ‘மீத்திறன் மிக்க குழந்தை’ என்று பள்ளியில் சொல்கிறார்கள். உறவினர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இது அவளுக்கு நல்லதா? அவளுக்கு ஒரு தம்பியும் இருக்கிறான்.

எனக்கும் அதே வயதில்தான் பட்டம் கிடைத்தது. ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியம் பள்ளி. எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறியதும் நால்ரோட்டில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள் (கேரளத்தில் இதற்கெல்லாம் ஃபிளெக்ஸ் உண்டு). மலையாளம் எடுத்த டீச்சர் ‘மிடுக்கன்’ என்றார். மலையாளத்தில் அதற்குக் கெட்டிக்காரன் என்று பொருள். தமிழ் மிடுக்கு வேறு. ஆறு மாதத்தில் எனக்கு இரண்டுமே பொருந்திவிட்டது.

நல்லதே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்ட புத்தகமெல்லாம் கிடைத்தது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் போய்விட்டது. புரியாத கணக்குக்கும் தலையாட்டுவேன். ஏழாம் வகுப்பில் அடுத்த உதவித்தொகைத் தேர்வான யு.எஸ்.எஸ். வந்தது. தேர்வு நாள் காலையில் எனக்குக் காய்ச்சல். அது பொய்க் காய்ச்சல் என்பதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எழுதித் தோற்றால் பட்டம் போய்விடும். எழுதாவிட்டால் ‘எழுதியிருந்தால் வாங்கியிருப்பான்’ என்று ஊர் சொல்லும். சொன்னது.

பிற்பாடு ஓர் ஆய்வைப் படித்தபோது சுருக்கென்றது. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்துவிட்டு, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். புத்திசாலி எனப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதான வேலையையே கேட்டார்கள். கடினமான புதிர்களில் சறுக்கியபின், பழைய அளவுப் புதிர்களைக்கூட முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். முகம் தெரியாத வேறொரு பள்ளி மாணவனுக்கு மதிப்பெண்ணை எழுதச் சொன்னால், அவர்களில் 38 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அது 13 சதவீதம். ஒரு வாக்கியத்துக்கே இப்படி. எனக்கு ஃபிளெக்ஸ்!

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். எனக்கு இரண்டு வயது இளைய தங்கச்சி ஒருத்தி. ‘அவன் படிக்கிற புள்ள’ என்ற ஒரே பேச்சில் எங்கள் வீட்டு வேலை பிரிந்துபோனது. தண்ணீர் பிடிப்பது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது, கடைக்கு ஓடுவது எல்லாம் அவள் தலையில். அவளை யாரும் மக்கு என்று சொன்னதில்லை. சொல்லத் தேவையே இல்லை. ஒருவனைக் கெட்டிக்காரன் என்றால் பக்கத்தில் நிற்பவளுக்குத் தானாகவே ஒரு பெயர் விழுந்துவிடும். அவள் எல்.எஸ்.எஸ். எழுதவே இல்லை. ‘அது அண்ணனுக்குத்தான்’ என்றாள். அம்மாவும் விட்டுவிட்டார்.

உங்கள் மகள் பாடத்தில் முந்திப் போகிறாள் என்றால் இன்னும் கடினமான கணக்கைக் கொடுங்கள், புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். உறவினர்கள் வாயை மூட முடியாது, அது வேறு விஷயம். வீட்டில் மட்டும் ‘இன்றைக்கு எது வரவில்லை?’ என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். அப்புறம், கடைக்கு யார் ஓடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

என் தங்கச்சி இப்போது ஒரு பால் சொசைட்டியில் வேலை செய்கிறாள். எத்தனை லிட்டர், ஃபேட் எவ்வளவு என்று பார்த்ததுமே, ரசீது வருவதற்குள் தொகையைச் சொல்லிவிடுவாள். போன மாதம் அங்கே நின்று பார்த்துவிட்டு, எப்படி இவ்வளவு வேகமாகப் போடுகிறாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

“இது பழக்கம்ண்ணா. எனக்குக் கணக்கெல்லாம் வராது.”