சிறிய துறைமுகத்தில் யாட்டில் குடியிருப்பவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும்? அது பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இல்லை. யாட் என்றதும் வெள்ளை வெளேரென்று மூன்று மாடிப் படகுதான் எல்லோருக்கும் கண்ணில் வருகிறது. துறைமுகத்தில் கட்டிக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை அப்படி இல்லை. என்னுடையது வெஸ்டர்லி சென்டோர் என்ற பாய்ப்படகு வகை, 26 அடி நீளம். 1969 முதல் 1980 வரை இங்கிலாந்தில் 2,400க்கு மேல் கட்டினார்கள். கீல் என்பது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் பாரமான தகடு. இதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கீல் இருப்பதால், தண்ணீர் வற்றினால் சாயாமல் சேற்றில் நேராக நிற்கும். பழைய கார் ஒன்றை வாங்கும் காசில் வாங்கினேன். படகின் விலை பெரிய விசயமில்லை. நீளத்தைப் பார்த்து அறவிடும் துறைமுகக் கட்டணமும் வருடாவருடம் செய்யும் பராமரிப்பும்தான் செலவு.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் கரையில், ராம்ஸ்கேட் துறைமுகத்தில். இரண்டு வருடமாக ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை, கிழமையில் நாலைந்து நாள் படகில்தான் படுக்கை. மிச்ச நாள் லண்டனில் அக்கா வீடு. முழுநேரமும் குடியிருக்க எல்லாத் துறைமுகமும் விடாது. படகை வாங்குவதற்கு முன்னமே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ராம்ஸ்கேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். 1748இல் அடித்த பெரும் புயலுக்குப் பிறகு, படகுகள் ஒதுங்க இடம் வேண்டும் என்று அடுத்த வருடமே கட்டத் தொடங்கிய கல் துறைமுகம் இது. கட்டக் கட்ட உள்ளே சேறு நிரம்பியது. ஜோன் ஸ்மீட்டன் என்ற பொறியியலாளர் உள்ளுக்கு இன்னொரு தொட்டி மாதிரிக் கட்டி, பெருக்கில், அதாவது கடல் ஏறும்போது, அதில் தண்ணீரைத் தேக்கி, வற்றில், அதாவது கடல் இறங்கும்போது, மதகைத் திறந்துவிட்டுச் சேற்றைக் கழுவும் வழியைச் சொன்னார். அந்த உள்துறையில்தான் இப்போது என் படகு கிடக்கிறது. 1821இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் ‘ராயல்’ பட்டம் கொடுத்தார். பிரித்தானியாவில் அந்தப் பட்டம் உள்ள துறைமுகம் இது ஒன்றுதான். முன்பு இந்த ஊருக்குத் தனி நேரமே இருந்தது, கிரீனிச்சை விட 5 நிமிடம் 41 விநாடி முன்னால்.

இப்போதும் படகில் இருப்பவர்களுக்குத் தனி நேரம்தான், கடலின் நேரம். உள்துறையின் வாயிலில் ஒரு கதவு உண்டு. பெருக்கு உச்சத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் முன்னால் திறக்கும், உச்சம் தாண்டி இரண்டு மணிநேரத்தில் மூடும். உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் எல்லாப் படகும் சேற்றில் குந்திவிடும். கதவு திறந்து, பச்சை விளக்கு எரிந்து, படகு வானொலியில் 14ஆம் சானலில் அனுமதி கிடைத்தால் போகலாம். தவறவிட்டால் அடுத்த பெருக்கு மட்டும் இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு நாளும் பெருக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். இன்று காலை 8 மணிக்கு என்றால் ஒரு கிழமை கழித்து மத்தியானம் தாண்டிவிடும். அதனால் என் கைபேசியில் நாட்காட்டிக்கு முதல் பெருக்கு-வற்று அட்டவணைதான் திறக்கும்.

நான் பிறந்தது வல்வெட்டித்துறை. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் இரண்டு அடி வித்தியாசம் வந்தாலே பெரிது. இங்கே அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் நாலரை மீட்டர் போல ஏறி இறங்கும். முதல் தடவை வெளித்துறைச் சுவரின் விளிம்பில் நின்று வற்றைப் பார்த்தபோது, காலையில் என் கண்மட்டத்தில் நின்ற மீன்பிடிப் படகின் கூரை கிணற்றுக்குள் மாதிரிக் கீழே தெரிந்தது. பறுவம் எப்போது என்று பார்த்துக் கடலைச் சொல்கிற பழக்கம் அம்மப்பாவிடம் இருந்தது. அவர் சொன்னது இங்கேதான் எனக்கு வேலைக்கு வந்தது.

சரி, ஒரு நாள் எப்படி விடியும்? சத்தத்தில். அலுமினியப் பாய்மரத்தில் கயிறு அடிக்கும் டிங், டிங் சத்தம்தான் காற்று ஏறிவிட்டதென்று முதலில் சொல்லும். நல்ல மனிதர்கள் படுக்கப் போகும்போது கயிற்றை மரத்திலிருந்து இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஆள் இல்லாத பக்கத்துப் படகில் அடித்தால் ஏறிப்போய்க் கட்டிவிடலாம். வேறு எதற்கும் ஒருவருடைய படகில் கேட்காமல் ஏறக் கூடாது. கயிறு கட்டுவதற்கு மட்டும் யாரும் கோபிப்பதில்லை.

எழும்பியதும் தரைப்பலகையைத் தூக்கி, அடிப்பள்ளத்தில் கையை விட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் நிம்மதி. ஈரம் இருந்தால் விரலை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பில்லை என்றால் மழை, அல்லது தண்ணீர்த் தாங்கியில் ஒழுக்கு. உப்பென்றால் கடல் உள்ளே வருகிறது, தேத்தண்ணீரைப் பிறகு பார்க்கலாம்.

காய்ந்திருந்தால் தேத்தண்ணீர். அதற்கு வெளியே போய்ப் பெட்டியைத் திறந்து காஸ் சிலிண்டரைத் திருக வேண்டும், குடித்து முடிந்ததும் திரும்பப் பூட்ட வேண்டும். மழையென்றாலும் அதே. இதில் சோம்பலுக்கு இடமே கிடையாது. காஸ் காற்றை விடப் பாரம். வீட்டில் கசிந்தால் யன்னலைத் திறந்துவிடலாம். படகில் அது இறங்கி அடிப்பள்ளத்தில் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தேங்கிவிடும். ஒரு சின்னப் பொறி போதும். அதனால்தான் சிலிண்டரை உள்ளே வைக்காமல், கசிந்தால் கடல் பக்கம் வடிந்துபோக அடியில் துளை விட்ட தனிப் பெட்டியில் வைக்கிறார்கள். நீலச் சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன் குளிர் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கினால் ஆவியாகாது, அடுப்பு எரியாது. ஒக்டோபர் முடியச் சிவப்புச் சிலிண்டருக்கு, புரொப்பேனுக்கு மாறிவிடுவேன். குளிருக்கு அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு படுப்பது உயிரோடு விளையாட்டு. மூடிய கேபினில் சேரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு மணமே தராது. காஸுக்கு ஒன்று, கார்பன் மொனொக்சைட்டுக்கு ஒன்று என்று அலாரம் இரண்டும் பூட்டாமல் ஒரு இரவுகூடத் தங்காதீர்கள்.

சமையல் பிரஷர் குக்கரில்தான். சோறும் பருப்பும் அதற்குள் முடிந்துவிடும். காஸ் மிச்சம் என்பதை விட, ஆவி மிச்சம். ஒரு நாள் திறந்த பானையில் சோறு வடித்தேன். அன்றிரவு கூரையில் இருந்து என் நெற்றியில் சொட்டியது. படகில் உங்களுடைய நிரந்தர எதிரி கடலில்லை, உங்களுடைய மூச்சும் சோற்றின் ஆவியும்தான். வெளியே குளிர்ந்த பிளாஸ்டிக் சுவர், உள்ளே சூடான ஈரக் காற்று. யன்னல் வியர்க்கும், அலமாரியின் பின்பக்கம் வியர்க்கும், மெத்தையின் அடி நனையும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். என் முதலாவது மெத்தை அப்படித்தான் போனது. இப்போது மெத்தைக்குக் கீழே காற்றோட மரச்சட்டம் போட்டிருக்கிறேன். கரையில் இருந்து வரும் 16 அம்பியர் மின்கம்பியில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓடுகிறது. அதன் வாளியில் சேரும் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் இவ்வளவுமா என் மூச்சு என்றிருக்கும்.

கக்கூஸ், குளிப்பு எல்லாம் கரையில். படகிலேயே கக்கூஸ் உண்டு, ஆனால் துறைமுகத்துக்குள் அதைக் கடலில் விடுவது அசிங்கம். விடியப்புறம் மூன்று மணிக்கு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மிதவை மேடையில் நடந்துபோய், கதவில் எண்ணை அமத்தி உள்ளே போக வேண்டும். இதற்கு மனம் ஒப்பாதவர்கள் படகு வாங்கவே வேண்டாம். குடிதண்ணீர்த் தாங்கி சின்னது, கால் பம்பில்தான் தண்ணீர் வரும். சட்டி கழுவ எவ்வளவு தண்ணீர் போதும் என்று ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

பகலில் துறைமுகம் சும்மா இருப்பதில்லை. கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் படகுகள் விடிய வெளிக்கிடும். லண்டன் அரே என்ற ஒரு தொகுதியில் மட்டும் 175 காற்றாலை. மீன்பிடிக்காரர்கள் தட்டையான சோல் மீன் கொண்டுவருவார்கள், எங்கள் நாக்கு மீனின் சொந்தம். கோடையில் பெல்ஜியம், ஒல்லாந்துப் படகுகள் வந்து ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கிடக்கும். 1940இல், இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் டன்கேர்க் கரையில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களை ஏற்றிவர இங்கிருந்து பல சின்னப் படகுகள் போயின. டைட்டானிக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து தப்பிய சார்ல்ஸ் லைட்டோலர், அப்போது ஓய்வுபெற்றவர், சன்டவுனர் என்ற தன் சொந்தப் படகில் போய் 120க்கு மேற்பட்டவர்களை ஏற்றிவந்தார். 2025 மே மாதம், 85ஆம் வருட நினைவுக்கு, அந்தக் காலத்துப் படகுகள் திரும்ப இங்கே கூடிப் புறப்பட்டன. அவற்றின் மரத்தைப் பார்க்க எனக்கு அன்னபூரணிதான் ஞாபகம். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் எங்கள் ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் கிளவுஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. ஊரில் சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இங்கே பக்கத்துப் படகுக்காரரிடம் சொன்னபோது, என்ன மரம், எத்தனை பாய் என்று ஒரு மணிநேரம் விடவில்லை.

அந்தப் பக்கத்துப் படகுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. படகில் வாழ்வது எப்படி என்று எனக்குக் காட்டியவர் அவர்தான், அதுவும் ஒரே இரவில். முதல் வருடம் ஒக்டோபரில் கிழக்கிலிருந்து கடும் காற்று, நாங்கள் கொண்டல் என்போமே, அந்தப் பக்கம். இந்தத் துறைமுகத்துக்கு அந்தப் பக்கக் காற்று ஆகாது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் வெளித்துறை அலையின் ஆட்டம் உள்ளே வரைக்கும் வரும். நான் அன்று லண்டனில். இரவு பதினொன்றரைக்கு அவருடைய அழைப்பு: “உன் முன்கயிறு அறுகிறது, நான் என்னுடையதைப் போட்டுக் கட்டியிருக்கிறேன், நாளைக்கு வா.”

விடியப் போய்ப் பார்த்தேன். மூன்று புரிக் கயிறு. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கயிறு வளைந்து இறங்கும் உலோக விளிம்பில் உரசி உரசி இரண்டு புரி போய்விட்டது. அறுந்த நுனிகள் வெள்ளைப் பஞ்சு மாதிரி விரிந்திருந்தன. மூன்றாவது புரியில் பாதி. படகு முழுக்க அந்தச் சுண்டுவிரல் மொத்தத்தில்தான் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அவருடைய கயிறு பக்கத்தில் இருந்தது. உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் சுற்றி, நூலால் வரிந்திருந்தார். அம்மப்பா வள்ளத்தில் அதே இடத்தில் சாக்குத் துண்டு சுற்றுவார். சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் படகில் செய்ய வேண்டும் என்று தோன்றவேயில்லை.

அதிலிருந்து தினமும் பின்னேரம், வானொலியில் காற்று எங்கிருந்து எந்த வேகத்தில் என்று கேட்டுவிட்டு, மேடை முழுக்க ஒரு நடை நடப்பேன். என்னுடைய கயிறு மட்டுமில்லை. ஆள் இல்லாத படகுகளின் கயிறு, தொங்கும் மிதவைப் பந்து, கழன்ற பாய்த்துணி எல்லாம் பார்ப்பேன். காற்று பலக்கும் நாளில் இன்னும் மூன்று நாலு பேர் டோர்ச்சோடு நடப்பார்கள். பெரிதாகக் கதை ஒன்றும் இருக்காது. நீங்கள் கேட்ட அன்றாட வாழ்க்கையில் எனக்குப் பிடித்த நேரம் இந்த அரைமணிதான். இதற்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம்.

வருடத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கிக் கரையில் வைத்து, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, புதுப் பெயின்ட் பூச வேண்டும். அது ஒரு கிழமை முதுகு முறியும் வேலை. பணம் கொடுத்தால் செய்து தருவார்கள், ஆனால் உங்கள் படகின் அடியை உங்கள் கண்ணால் பார்க்கிற ஒரே சந்தர்ப்பம் அது. விடாதீர்கள்.

வாங்கும் எண்ணம் இருக்கிறது என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஜூலையில் வந்து பார்க்க வேண்டாம். அப்போது எந்தத் துறைமுகமும் அழகுதான், எந்த மெத்தையும் காய்ந்துதான் இருக்கும். ஒக்டோபர் கடைசியில், யாரிடமாவது கேட்டு வாங்கி, ஐந்து இரவு தொடர்ந்து படகில் படுத்துப் பாருங்கள். ஆறாம் நாள் காலையில் மெத்தையைத் தூக்கி அடியைத் தடவிவிட்டு, அடிப்பள்ளத்தில் கையை விட்டுவிட்டு, பிறகு விலையைக் கேளுங்கள்.