நீலச் சட்டைக்காரருக்கு ‘இன்’னா ‘வித்’தா?

படத்தை விவரிக்கும் பயிற்சியில் ‘தி மேன் வித் எ ப்ளூ ஷர்ட்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

உடம்பு உடைக்குள் இருக்கிறது, அதனால் ‘இன்’. ‘தி மேன் இன் எ ப்ளூ ஷர்ட்’. நிறத்தை மட்டும் சொன்னாலும் அதேதான்: ‘தி உமன் இன் ரெட்’ என்றால் சிவப்பு உடையில் இருப்பவர். தமிழில் சேலை கட்டுவோம், சட்டை போடுவோம், பூ வைப்போம். ஆங்கிலத்தில் சேலைக்கும் சட்டைக்கும் இந்த ஒரே ‘இன்’ போதும்.

‘வித்’ வந்தால் சட்டையைக் கையில் வைத்திருப்பதாகவும் படலாம், துணி தேய்க்கிறவர் மாதிரி. கடைசியில் ‘ஆன்’ சேர்த்து ‘வித் எ ப்ளூ ஷர்ட் ஆன்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. தாடி, மீசை, நீண்ட முடிக்கு ‘வித்’தான், ‘இன் எ பியர்ட்’ என்றால் ஒட்டுத்தாடி நினைவுக்கு வரும்! மூக்குக்கண்ணாடிக்கு இரண்டும் உண்டு, நான் ‘வித் கிளாசஸ்’ என்றே எழுதுவேன்.

அப்புறம், ‘இந்தச் சட்டை உங்களுக்கு நன்றாக இருக்கிறது’ என்பதற்கு ‘லுக்ஸ் குட் ஆன் யூ’. அங்கே ‘ஃபார் யூ’ போடாதீர்கள், நானே பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.