ஈர மண்ணில் கத்தரி ஏன் வாடுகிறது?

கிள்ளைக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "இரண்டு நாளுக்கு ஒரு முறை போர்வெல் தண்ணீர் பாய்ச்சுகிறேன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல ஈரம். ஆனாலும் பதினோரு மணிக்கெல்லாம் கத்தரிச் செடி துவண்டுவிடுகிறது, இலை ஓரம் கருகுகிறது. சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. தண்ணீரைச் சோதித்ததில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.8 டெசிசீமென்ஸ் வந்தது. உப்புதான் காரணம் என்றால், பிச்சாவரத்தில் உப்புத் தண்ணீரிலேயே காடு செழித்து நிற்கிறதே, அது எப்படி?"

வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். தண்ணீரை இழுப்பதற்கென்று வேரில் எந்தப் பம்பும் கிடையாது. கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் தானாகவே நகரும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். மாவடு போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். உங்கள் வயலில் அந்த ஜாடியின் வேலையை மண் செய்கிறது. ஈரம் இருக்கிறது, ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்திருப்பதால் வேருக்கு வந்து சேர்வதில்லை. அதன் மேல் யூரியாவையும் கரைத்துவிட்டீர்கள். வேருக்கு வெளியே கரைசல் இன்னும் கெட்டியானதுதான் மிச்சம். வாடுகிற செடிக்கெல்லாம் உரம் வைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

உப்பின் கதை வேறு. சோடியம் வெளியே அதிகம், வேர்ச் செல்லுக்குள் குறைவு. அதனால் அது அழைக்காமலே உள்ளே வந்துவிடும். அதை வெளியே தள்ளுவது மேட்டில் வண்டி ஏற்றுவது போன்ற வேலை. செல் தன் ஆற்றலைச் செலவழித்துத்தான் தள்ள முடியும். இதற்குச் செயல்மிகு கடத்தல் என்று பெயர். கத்தரியிடம் அந்தத் திறமை குறைவு. தள்ள முடியாத உப்பு தண்ணீரோடு இலைக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு இலை ஓரத்தில் தங்கிக் கருக்குகிறது.

பிச்சாவரத்தில் படகு ஒதுங்கும் இடத்தில் வெண்கண்டல் இலை ஒன்றைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வெயில் நேரத்தில் உப்புப் பொடியே கண்ணுக்குத் தெரியும். இலையிலுள்ள சுரப்பிகள் ஆற்றலைச் செலவழித்து வெளியேற்றிய உப்பு அது. சுரபுன்னையோ பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல் நீரிலிருந்தும் தண்ணீர் எடுக்கும்படி, இந்த மரங்கள் தம் செல்களுக்குள் அதைவிடக் கெட்டியான கரைசலை வைத்திருக்கின்றன.

வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டது போல் நிற்கும் மூச்சு வேர்களையும் கவனியுங்கள். உப்பைத் தள்ள ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. உங்கள் கத்தரிக்கு மூச்சு வேர் கிடையாது. வாடுகிறதே என்று பாத்தியில் தண்ணீரைத் தேக்கினால், உப்பைத் தள்ளும் கொஞ்சநஞ்சத் திறனும் போய்விடும்.

இனிச் செய்ய வேண்டியது. இந்தப் பயிருக்கு யூரியாவை உடனே நிறுத்துங்கள். பொட்டாஷ் தேவைப்பட்டால் மியூரியேட் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். தண்ணீரை அதிகாலையில் விடுங்கள், தேங்கினால் வடித்துவிடுங்கள். குளத்து நீர் கிடைத்தால் போர்வெல் நீரோடு கலந்து விடலாம். தண்ணீரின் உப்பு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்குக் கடுமையான சிக்கல்தான். நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். செடியைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் ஆவியாவது குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

அடுத்த நடவில் நாற்றைப் பாரின், அதாவது வாய்க்கால்களுக்கு நடுவிலுள்ள மண் மேட்டின், உச்சியில் வைக்காதீர்கள். வாய்க்காலில் விட்ட தண்ணீர் பாரின் உச்சிக்கு ஏறி ஆவியாகும். உப்பு அங்கேதான் வெள்ளையாகப் பூக்கும். பாரின் சரிவில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை வயலில் நிறுத்தி உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியே அனுப்புங்கள். வடிகால் இல்லாமல் மழையைத் தேக்கினால், கரைந்த உப்பு அதே வயலில்தான் திரும்பவும் தங்கும்.

ஜிப்சம் போடச் சொல்லிக் கடைக்காரர் ஒருவராவது வருவார். மண்ணில் சோடியம் ஒட்டி இறுகிய களர் நிலத்துக்குத்தான் அது மருந்து. உப்பு மட்டும் கூடிய வெறும் உவர் நிலத்துக்குத் தண்டச் செலவு. எது என்று தெரிய மண்ணைச் சோதியுங்கள். பாரின் உச்சியில் ஒரு பிடி, வேர் இருக்கும் ஆழத்தில் ஒரு பிடி எடுத்து, இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் பையில் கட்டிக் கொடுங்கள்.