கந்தகம் மிகுந்த எரிபொருள் எண்ணெய் 2020இலேயே தடை செய்யப்பட்டுவிட்டதே, இன்னும் யார் அதை எரிக்கிறார்கள்?

மலேசியாவின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலின் கரும்புகையைப் பார்த்த கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். பக்கத்திலுள்ள பிறை தொழிற்பேட்டையில் 19 ஆண்டுகள் பாய்லர்மேனாக, அதாவது ஆலைக் கொதிகலனை இயக்குகிறவனாக, இருந்தவன் நான். எண்ணெய் விற்பவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்த எண்ணெய் அடியோடு தடை செய்யப்படவில்லை. கப்பல் எரிபொருளில் 3.50 விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தை, 2020 ஜனவரி 1 முதல் 0.50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு குறைத்தது. ஆனால் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பர் பொருத்திய கப்பல்கள், விலை மலிவு என்பதால், இன்றும் பழைய எண்ணெயையே எரிக்கின்றன. கரையில் மின்நிலையங்களும் ஆலைக் கொதிகலன்களும் சிமெண்ட் சூளைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. சூளையிலாவது சுண்ணாம்பும் காரங்களும் கந்தகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கொதிகலனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நாங்கள் கறுப்பு எண்ணெய் என்று அழைத்த அது, ஆறிவிட்டால் குழாயில் ஓடாது. தொட்டியிலேயே நீராவியால் சூடேற்றி, பர்னருக்குப் போகுமுன் மறுபடியும் சூடாக்க வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக நிர்வாகம், வெளியேறும் புகையின் வெப்பத்தால் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் எகனாமைசரைப் பொருத்தியது. சில மாதங்களில், நிறுத்தியிருந்த கார்களின் மேல் கரித்துகள் விழுந்து, விழுந்த இடமெல்லாம் சாயம் அரித்துப்போனது. மேலாளரின் புதிய காரும் தப்பவில்லை. எண்ணெய் எரியத் தேவையான காற்றை நான் சரியாக வைக்கவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. கந்தகம் எரியும்போது அதில் சிறு பங்கு மூவாக்சைடாகி, புகையிலுள்ள நீராவியோடு சேர்ந்து கந்தக அமில ஆவியாகிறது. ஏறக்குறைய 130 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறிய இரும்பைத் தொட்டால் அது அமிலமாகவே படிந்து, அங்குள்ள கரியையும் ஊறவைத்துப் பிறகு செதில்செதிலாக உதிர்கிறது. புகை வரவர ஆறி வருவதை நாள்தோறும் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அதைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஆண்டுச் சோதனைக்காகத் திறந்தபோது, தண்ணீர் நுழையும் பக்கத்துக் குழாய்கள் புழு அரித்த பலகைபோல இருந்தன. எகனாமைசரைக் கழற்றினார்கள், கார்களுக்குச் சாயம் அடித்துக் கொடுத்தார்கள், கடிதத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை. (பாய்லர்மேன் என்றால் வால்வு திருகுகிறவன் என்று எண்ணும் பொறியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.)

நீங்கள் பார்த்த கப்பலுக்கு வருகிறேன். கடல்நீரால் புகையைக் கழுவி அந்த நீரைக் கடலிலேயே விடும் திறந்தவகை ஸ்க்ரப்பரின் கழிவுநீரை மலேசியக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கொட்டக் கூடாது என்பதால், அவ்வகைக் கப்பல்கள் துறைமுகத்தை நெருங்குமுன்பே கந்தகம் குறைந்த எண்ணெய்க்கு மாறியாக வேண்டும். மேலும், கந்தகம் எரிவதால் வரும் கந்தக டைஆக்சைடுக்கு நிறமே கிடையாது. கரும்புகை என்பது சரியாக எரியாத கரி, அது கந்தகம் குறைந்த எண்ணெயிலும் வரும்.