முதல் குகைக்குள் போகும் முன்

வணக்கம் ஐயா,

நீங்கள் மேசை விளையாட்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பக்கம் வந்தேன், ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. 2014-ல் வெளிவந்த ஸ்டார்ட்டர் செட் என்ற ஆரம்பக்காரர் பெட்டி ஒரு நண்பரிடம் இருந்தது. அதை வாங்கி, என் தங்கையையும் மூன்று நண்பர்களையும் உட்காரவைத்து, உள்ளே இருந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்’ என்ற சாகசத்தை, அதாவது ஆடுவதற்காக எழுதிவைத்த கதையை, ஆரம்பித்தோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர். எல்லோருக்கும் முதல் முறை.

முதல் சண்டையிலேயே மாயாவியாக ஆடிய தங்கை விழுந்துவிட்டாள். அடுத்த சுற்றில் இன்னொருவர். எனக்குக் கை ஓடவில்லை, புத்தகத்தை மூடிவிட்டேன். பல வருடங்களாக ஆடும் ஒருவரிடம் கேட்டால், “அது பழைய சரக்கு. கோப்ளின், குகை, தொலைந்த சுரங்கம். வேறு வாங்கு” என்கிறார். இணையத்தில் பார்த்தால் ஆரம்பக்காரர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்கிறார்கள். ஒரு சாகசம் நல்லதா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் சொல்வது பொய் இல்லை. கதை பழையதுதான். குள்ளர் இனத்தைச் சேர்ந்த ஒருவர் வண்டி ஒன்றை நெவர்விண்டரிலிருந்து ஃபாண்டலின் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார், ஆளுக்குப் பத்துப் பொற்காசு கூலி. வழியில் அவரே கடத்தப்படுகிறார். பின்னால் ஒரு வில்லன், கடைசியில் ஒரு சுரங்கம். நாவலாக எழுதினால் யாரும் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போகமாட்டார்கள். ஆனால் சாகசப் புத்தகம் படிப்பதற்காக எழுதப்படுவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் முதல்முறையாக உட்கார்ந்திருக்கும் உங்களைப் போன்ற ஒருவர், எதிரே இருப்பவர் எதிர்பாராமல் ஒன்றைக் கேட்கும்போது, குனிந்து பார்த்தால் பக்கத்தில் பதில் இருக்கிறதா? ஆரம்பக்காரர்களுக்கான சாகசத்தை நான் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

நான் இதை நடத்தியபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் குகை வாயிலுக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஓநாய்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருப்பார்கள். மற்றவர்கள் வில்லை எடுத்துவிட்டார்கள். அதுவரை ஒரு மணி நேரமாக வாயே திறக்காத ஒரு பெண், “அதுங்களுக்குச் சாப்பாடு போட்டிருப்பாங்களா?” என்று கேட்டாள். தன் கேரக்டரின் பையில் இருந்த உணவை எடுத்து வீசுவதாகச் சொன்னாள். நான் பக்கத்தைப் பார்த்தேன். ஓநாய்களைச் சமாதானப்படுத்தப் பகடையில் 15 வேண்டும், உணவு கொடுத்தால் 10 போதும் என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறது. அவள் போட்டது 13. ஓநாய்கள் படுத்துக்கொண்டன. அதற்கப்புறம் அந்தப் பெண் அன்று முழுக்கப் பேசினாள்.

சாகசத்தை எழுதிய ரிச் பேக்கரும் கிறிஸ் பெர்கின்ஸும் அந்தக் கேள்வியை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். குகை முழுக்க இப்படித்தான். ஓநாய்களைக் கட்டிய இடத்தின் பின்னால் பாறைப் பிளவு ஒன்று மேலே போகிறது, அதில் ஏறினால் நேராகத் தலைவன் க்ளார்க்கின் அறை. வேறு வழியாகப் போனால் யீமிக் என்ற கோப்ளின், ஒரு கைதியை விளிம்பில் நிறுத்திக்கொண்டு பேரம் பேசுகிறான்: க்ளார்க்கின் தலையைக் கொண்டுவா, கைதியைத் தருகிறேன். ஓடைக்கு மேல் ஒரு பாலம், அங்கே ஒரு காவலாள், அவன் குரல் கொடுத்தால் அணையைத் திறந்து வெள்ளத்தை விடுகிறார்கள். எட்டு இடங்களே உள்ள சின்னக் குகை. அடிதடி, பதுங்கல், பேரம், கருணை எல்லாவற்றையும் வீரர்கள் அதற்குள் முயன்று பார்க்கலாம், எதைச் செய்தாலும் டன்ஜன் மாஸ்டர் திக்கித் திணற வேண்டியதில்லை. முதல் லெவலுக்கு எழுதப்பட்ட இடங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பழையவற்றோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெரியும். 1970-களின் கடைசியில் ஆரம்பக்காரர் பெட்டிக்குள் வந்த மைக் காரின் ‘இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்’ அறைகளை வரைந்து கொடுத்துவிட்டு, எந்த அறையில் எந்த அரக்கன், எந்தப் புதையல் என்பதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும். கற்றுக்கொடுக்கும் முறையாக அது அருமை, ஆனால் உட்கார்ந்து நிரப்ப ஒரு மாலைப் பொழுது வேண்டும். அதற்கு அடுத்து வந்த கேரி கைகாக்ஸின் ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ குகைகளில் கஞ்சத்தனமே கிடையாது, ஆனால் கோட்டையில் இருப்பவர்களுக்குப் பெயரே இல்லை. கொல்லன், வணிகர், காவல் தலைவர், அவ்வளவுதான். ஃபண்டெல்வரில் விடுதிக்காரரிலிருந்து தோட்டத்தில் விளையாடும் கார்ப் என்ற பையன் வரை எல்லோருக்கும் பெயரும் சொல்ல ஒரு விஷயமும் உண்டு. ஊரை மிரட்டும் ரவுடிக் கும்பலின் மறைவிடத்துக்கு ரகசியச் சுரங்கப்பாதை இருப்பது அந்தப் பையனுக்குத்தான் தெரியும்.

பெட்டியில் உள்ள தயார் கேரக்டர் தாள்களின் பின்பக்கத்தையும் படியுங்கள், பலர் அதைப் புரட்டுவதே இல்லை. திருடனுக்கு அந்தக் கும்பலோடு பழைய கணக்கு இருக்கிறது, கார்ப்பின் அம்மா அவனுக்கு அத்தை. அம்பெய்யும் போர்வீரனின் குடும்பத்து ஊர் பாழாய்ப் போய், இப்போது அங்கே ஒரு டிராகன் குடியிருக்கிறது. குள்ள மதகுரு, கடத்தப்பட்ட குள்ளரின் உறவு.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை நீங்கள் மாட்டிக்கொண்ட இடம்தான். கறுப்பு இறகு வைத்த அம்புகள் தைத்து இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, புதரில் நான்கு கோப்ளின்கள். கோப்ளின் தாக்கினால் இருபது முகப் பகடையோடு 4 கூட்டிக்கொள்ளும். மாயாவியின் கவச எண், அதாவது அடிக்க எட்டவேண்டிய எண், 12 என்றால் பகடையில் 8 விழுந்தாலே அடி, அதாவது 20-க்கு 13 வாய்ப்பு. ஒரு அடியில் சராசரியாக ஐந்தரை உயிர்ப்புள்ளி போகும். உங்கள் தங்கையிடம் இருந்தது எட்டுப் புள்ளியோ அதை ஒட்டியோதான். இரண்டு அம்பு பட்டால் முடிந்தது. நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை, கணக்கே அப்படி. குகைக்குள் இருக்கும் க்ளார்க் இன்னும் மோசம். அவன் கதாயுதம் சராசரி 11 எடுக்கும், முதல் லெவல் போர்வீரனின் உயிரே 12 சுமாருக்குத்தான். விளையாட்டையே அறியாதவர்களின் கையில் இதைக் கொடுத்தது வடிவமைப்பின் பிழை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது குறை, பின்னால் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் பிளாக் ஸ்பைடர் என்ற வில்லனை வீரர்கள் கடைசிக் குகை வரை பார்ப்பதே இல்லை. கடிதத்தில் ஒரு பெயர், கைதியின் வாயில் ஒரு பெயர். நான்கு மாதம் ஆடிய பிறகு அவன் எதிரே வந்து நிற்கும்போது யாருக்கும் கோபம் வராது. டிராகன் வெனம்ஃபேங்கும் ஓர் ஆபத்து: அதன் ஒரு நச்சு மூச்சு சராசரி 42 புள்ளி எடுக்கும், மூன்றாம் லெவல் ஆட்கள் ஒரே மூச்சில் விழுவார்கள். பாதி உயிர் போனதும் அது பறந்து ஓடிவிடும் என்று புத்தகம் சொல்கிறது, ஆனால் அந்தப் பாதியே 68. டிராகன் இருக்கும் அந்தப் பாழ் ஊருக்குப் போகும் முன் ஊர்க்காரர் யாராவது ஒருவர் வாயால் எச்சரிக்கை வைத்துவிடுங்கள். மற்றபடி நடுப்பகுதியில் இடங்கள் கொஞ்சம் சிதறிக் கிடக்கின்றன, அது பெரிய விஷயமில்லை.

ஆகவே வேறு வாங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். உங்கள் தங்கையின் மாயாவி இன்னும் சாகவில்லை. உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் மயக்கம்தான். தன் முறை வரும்போதெல்லாம் ஒரு பகடை, 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் பிழைத்துவிடுவாள், மதகுரு ஒரு குணமாக்கும் மந்திரம் போட்டால் உடனே எழுந்துவிடுவாள். எல்லோருமே விழுந்தாலும் என்ன செய்வது என்று அந்தச் சண்டையின் குறிப்பிலேயே இருக்கிறது: கோப்ளின்கள் கொல்வதில்லை, மயங்கியவர்களை அப்படியே விட்டு, வண்டியையும் ஆட்களையும் கொள்ளையடித்துக்கொண்டு குகைக்குப் போகின்றன. பதற்றத்தில் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

அடுத்த முறை இப்படி ஆரம்பியுங்கள். சாயங்காலம். நான்கு பேரும் சாலையோரத்தில் கண் விழிக்கிறார்கள். வண்டி காலி. குதிரைகளின் மேல் ஈ மொய்க்கிறது. சேற்றில் சின்னச் சின்னக் காலடிகளும், கனமாக எதையோ இழுத்துக்கொண்டு போன தடமும் வடக்கே காட்டுக்குள் போகின்றன. பிறகு உங்கள் தங்கையைப் பார்த்து, என்ன செய்யப்போகிறாய் என்று கேளுங்கள். குகைக்குப் போனபின் ஓநாய்கள் என்ன ஆயின என்று எனக்கு எழுதுங்கள்.