ஷார்ஜாவில் ஏமாற்றியவர் மீது சென்னையில் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: "நானும் ராயபுரத்தைச் சேர்ந்த ஒருவரும் ஷார்ஜாவில் ஒரே அறையில் தங்கி வேலை பார்த்தோம். கூட்டாக கார் ஒர்க்‌ஷாப் தொடங்கலாம் என்று சொல்லி, 2023 நவம்பரில் என்னிடம் 80,000 திர்ஹாம் ரொக்கமாக வாங்கினார். 2024 ஜனவரியில் பெரம்பூரில் இருக்கும் என் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லைசென்ஸ் நகலை அனுப்பி, அவர் கணக்கிலிருந்து 6 லட்சம் ரூபாய் வாங்கினார். லைசென்ஸ் போலி. இப்போது அவர் ராயபுரத்தில்தான் இருக்கிறார். காவல் நிலையத்தில், 'ஷார்ஜாவில் நடந்ததற்கு அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும்' என்கிறார்கள். டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும் என்றும் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?"

பதில்: சென்னையிலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. அதில் எளிதான வழியைப் போலீஸும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

முதல் வழி குடியுரிமை. இந்தியக் குடிமகன் உலகத்தின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும், அதை இங்கே செய்ததாகவே நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 4-வது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 1(5) ஆக இருக்கிறது. (இந்தியாவில் பதிவான கப்பல், விமானத்தில் நடப்பதும், வெளிநாட்டிலிருந்து இந்தியக் கம்ப்யூட்டரைக் குறிவைத்துச் செய்வதும் இதே பிரிவில் அடங்கும்.) உங்கள் விவகாரம் ஜூலைக்கு முன்பு நடந்தது. அதனால் எஃப்.ஐ.ஆரில் மோசடிக்கான பழைய 420-வது பிரிவுதான் வர வேண்டும். விசாரணை நடைமுறை மட்டும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி நடக்கும். இந்த இரண்டையும் குழப்பி எழுதிய புகார்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அவர் இடையில் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை மாறும். குற்றம் நடந்த சமயத்தில் இந்தியக் குடிமகனாக இருந்தாரா என்பதுதான் கணக்கு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இந்தியக் குடிமகன் அல்ல.

டெல்லி அனுமதி பற்றி உங்களிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். புதிய நடைமுறைச் சட்டத்தின் 208-வது பிரிவின்படி, வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். ஆனால் எஃப்.ஐ.ஆர். போடவும், போலீஸ் புலனாய்வு செய்யவும், மாஜிஸ்திரேட் வழக்கைக் கோப்பில் எடுக்கவும் அது தேவையில்லை, அதற்கு மேல் வழக்கு நகரத்தான் தேவை என்று 2011-ல் தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது போட்ஸ்வானாவில் நடந்த குடும்ப வழக்கு. எந்த ஊரில் புகார் கொடுப்பது என்பதிலும் சிக்கல் இல்லை. அமீரக வங்கிக் கடன் மோசடி தொடர்பான ஓம் ஹேம்ராஜானி வழக்கில், பாதிக்கப்பட்டவர் தனக்கு வசதியான நீதிமன்றத்தை நாடலாம் என்று 2004-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

இனி இரண்டாவது வழி. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உங்கள் வழக்கில் எல்லாமே ஷார்ஜாவில் நடந்துவிடவில்லை. போலி லைசென்ஸ் வந்து சேர்ந்தது பெரம்பூரில் இருக்கும் போனுக்கு. அதை நம்பிப் பணம் கிளம்பியது பெரம்பூர் வங்கிக் கணக்கிலிருந்து. நடைமுறைச் சட்டத்தின் 202-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: கடிதமோ மின்னணுச் செய்தியோ அனுப்பி ஏமாற்றினால், அது அனுப்பப்பட்ட இடத்திலும் பெறப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம். ஏமாந்தவர் பணத்தைக் கொடுத்த இடத்திலும், ஏமாற்றியவர் அதைப் பெற்ற இடத்திலும் விசாரிக்கலாம்.

இது இன்று நேற்று வந்த சட்டம் அல்ல. 1957-ல் முபாரக் அலி அகமது வழக்கு. அவர் பாகிஸ்தான்காரர், கராச்சியில் உட்கார்ந்துகொண்டு கடிதம், தந்தி, டெலிபோன் மூலமாக அரிசி அனுப்புவதாக நம்பவைத்து, பம்பாயில் பணம் கட்ட வைத்தார். அப்போது அவர் பம்பாயில் கால் வைக்கவே இல்லை. இந்தியரும் இல்லை. ஆனாலும் குற்றம் நடந்தது பம்பாயில்தான் என்றது உச்ச நீதிமன்றம். அன்றைய தந்தியின் வேலையைத்தான் இன்று வாட்ஸ்அப் செய்கிறது. துபாயில் இருந்தவர் சண்டிகர் வங்கியை ஏமாற்றும் சதியில் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட அஜய் அகர்வால் வழக்கில், குற்றத்தின் ஒரு பகுதி இந்தியாவில் நடந்திருப்பதால் மத்திய அரசின் அனுமதியே தேவையில்லை என்று 1993-ல் தீர்ப்பானது.

அதனால் புகாரைத் திருப்பி எழுதுங்கள். 'ஷார்ஜாவில் நான் வேலை பார்த்தபோது' என்று தொடங்கினால், அதிகாரி முதல் வரியிலேயே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். புகார்தாரராக உங்கள் மனைவி இருக்கட்டும். லைசென்ஸ் நகல் வந்த தேதி, பணம் போன தேதி, இரண்டு கணக்குகளின் வங்கிக் கிளைகள் ஆகியவை முதலில் வரட்டும். ஷார்ஜா ரொக்கத்தை ஒளிக்கவும் வேண்டாம், தனிப் புகாராக்கவும் வேண்டாம். அதே ஏமாற்று வேலையின் முதல் பகுதி என்று தொடர்ச்சியாக எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வியாபாரம் நொடித்துப் பணம் திரும்பாமல் போனால் அது மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்றுதான் கோர்ட் பார்க்கும். பணத் தகராறு என்றாலே போலீஸ் தயங்குவதற்கு இதுதான் காரணம், அந்தத் தயக்கம் பல சமயம் நியாயமானதும்கூட. உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் போலி லைசென்ஸ்தான். அது போலி என்பதற்கு ஷார்ஜா அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்று இப்போதே முயலுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் நிபுணர் கையெழுத்திடும் பகுதியும் உண்டு. 80,000 திர்ஹாமுக்கு ரசீது இருக்காது என்றே நினைக்கிறேன். வங்கியில் நீங்கள் பணம் எடுத்த பதிவு, அறையில் கூட இருந்தவர்களின் பெயர்கள், அவர் பேசிய வாய்ஸ் மெசேஜ் இவற்றைத் திரட்டுங்கள்.

பெரம்பூரில் கொடுத்தாலும் ராயபுரத்தில் கொடுத்தாலும் சரிதான். 'எங்கள் எல்லை இல்லை' என்றால், எல்லை பார்க்காமல் பதிவு செய்யச் சொல்லும், புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவைக் காட்டுங்கள். எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்ததோடு நின்றுவிட்டால், புகாரைப் போலீஸ் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே சட்டத்தின் 175(3)-ன் கீழ், உறுதிமொழிப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். பதிவானதும், அவர் மறுபடி விமானம் ஏறாமல் இருக்க லுக் அவுட் நோட்டீஸ் கேட்கும்படி புலனாய்வு அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். நீங்களே நேராகக் கேட்க முடியாது.

கிரிமினல் வழக்கு பணத்தை வாங்கிக் கொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். 420-க்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால் புகாருக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்குக்கு மூன்றே ஆண்டுதான். அவர் இந்தியாவில் இல்லாத நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். ஷார்ஜாவிலேயே சிவில் வழக்கு நடத்தித் தீர்ப்பு வாங்கினாலும் அது வீணாகாது: 2020 ஜனவரியிலிருந்து அமீரக நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளைச் சென்னையிலேயே நிறைவேற்றக் கேட்கலாம். ஆள் இங்கே இருக்கும்போது அவ்வளவு சுற்று எதற்கு என்பது என் கருத்து.

எஃப்.ஐ.ஆர். விழுந்ததும் பெரும்பாலும் சமாதானத்துக்கு ஆள் வரும். 420 வழக்கில் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். பணம் முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகு, நீதிமன்றத்தில் மனுவாகத்தான் முடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஸ்டேஷனிலோ வீட்டிலோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.